எட்டு ஸ்குரூவும் ஒரு பின்பலகையும்

எங்கட கிற்றார் அம்ப்பின் பின்பக்கத்தில் எட்டு ஸ்குரூ இருந்தன. மேல் பலகைக்கு நாலு, கீழ்ப் பலகைக்கு நாலு. இப்ப நாலுதான் பூட்டியிருக்கு. மற்ற நாலும் ஒரு ரொபி ரின்னுக்குள் கிடக்கின்றன. இந்த நிலைக்கு வந்து சேர எங்களுக்கு ஒன்றரை வருசமும், இரண்டு பெரிய சண்டையும், இப்ப நினைச்சாலும் கை குளிர்கிற ஒரு பின்னேரமும் தேவைப்பட்டன.

நாங்கள் நாலு பேர். கிற்றாருக்கு ஒருவன், பேஸுக்கு ஒருத்தி, டிரம்ஸுக்கு ஒருவன், பாட ஒருத்தி. பழகிற இடம் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் பின்வளவில் உள்ள தகரக் கூரை அறை. முந்தி விறகும் தேங்காயும் போட்டு வைத்த இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. டிரம்ஸை வைத்தால் பாதி அறை முடிஞ்சுது. மிச்சப் பாதிக்குள் மூன்று பேரும், அம்ப்களும், ஒரு மேசை விசிறியும்.

அம்ப் வந்தது ரொறொன்ரோவிலிருந்து. எங்களில் ஒருத்தியின் மாமா, உடுப்பும் சொக்லேற்றும் நிரப்பி அனுப்புகிற பெட்டிகளோடு, தன்ர மகன் வாசிச்சு அலுத்துப்போன அம்ப்பையும் கப்பலில் ஏற்றிவிட்டார். பெரிய ஆள் ஒன்றுமில்லை. 15 வாட். 12 இஞ்சி ஸ்பீக்கர் ஒன்று. பழைய அமெரிக்க அம்ப்களின் அமைப்பைப் பார்த்து ஆரோ செய்தது. அங்கத்தைய 120 வோல்ட்டுக்கு ஆனபடியால் எங்கட 230ஐ இறக்கிக் கொடுக்க ஒரு ட்ரான்ஸ்போமரையும் எங்கே போனாலும் காவிக்கொண்டு திரிய வேணும். ஆனால் அது வால்வ் அம்ப். அமெரிக்கர் ரியூப் என்று சொல்லுகிறதை எங்கட ஊரில் பழைய ஆக்கள் வால்வ் என்றுதான் சொல்லுவினம். வால்வ் றேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். கண்ணாடிக் குழாய்க்குள் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும், அரை நிமிசம் கழிச்சுச் சத்தம் வரும். முதல் நாள் நாங்கள் லைற்றை நிப்பாட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிரச்சினை டிரம்ஸ் அடிக்கிறவனிடமிருந்து தொடங்கியது. அறை சின்னன் என்பதால் அம்ப் அவனுக்கு முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் பாட்டு முடிய அவன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்: "எனக்கு உன்ர கிற்றார் கேக்கிறேல்ல. நான் உன்ர கையைப் பாத்துத்தான் அடிக்கிறன்."

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் பலகைக்குப் பின்னாலிருந்து வருகிற ஒரு இரைச்சல்தான். எந்த கோர்ட் என்று பிடிபடாது. வலது கை மேலும் கீழும் போவதை வைத்து ஒரு வருசமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வருசம்! எங்களுக்குள் ஒருவன் எங்கட பாட்டையே கேட்காமல் எங்களோடு வாசிச்சிருக்கிறான்.

அம்ப்பின் சத்தத்தைக் கூட்டினால் பாடுகிறவளின் குரல் தாண்டுபோகும். அம்ப்பைத் திருப்பினால் மற்ற எல்லாருக்கும் முதுகு. அப்பதான் கிற்றார்க்காரன், இணையத்தில் எங்கேயோ பார்த்தது என்று, பின்பலகையைக் கழற்றிப் பார்ப்போம் என்றான். நிறையப் பேர் அப்படிச் செய்யினமாம். சத்தம் திறந்துபோகுமாம். வால்வுக்குக் காத்துப் படுமாம். சித்திரை மாசம், மேலே தகரம். காத்துப் படும் என்ற சொல்லே எங்களுக்குக் காணும். எட்டு ஸ்குரூவையும் கழற்றினோம். இரண்டு பலகையும் வெளியே வந்தன. மேல் பலகையின் உட்பக்கத்தில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. அது ஏன் இருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்றைக்கு வாசித்ததை மறக்க ஏலாது. இரண்டாவது பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிற்றார் மெல்லிய கம்பிகளில் ஒரு சின்னத் துண்டு வாசிக்கும். நாலு சுரம், அவ்வளவுதான். டிரம்ஸ் அந்த இடத்தில் நின்றுபோனது. "இப்பிடி ஒரு இடம் இந்தப் பாட்டில இருக்கா?" என்று கேட்டான். இருக்கு என்றோம். எப்ப இருந்து? முதல் நாளிலிருந்து. அவன் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு திரும்பத் தொடங்கினோம். அந்த நாலு சுரத்துக்கும் அவன் சிம்பலை விட்டுவிட்டு விளிம்பில் மட்டும் மெல்லமாகத் தட்டினான். இப்பவும் அப்படித்தான் வாசிக்கிறோம். அந்தப் பாட்டில் மிக நல்ல இடம் அது என்று கேட்கிறவர்கள் சொல்லுகிறார்கள்.

சரி, பலகையைக் கழற்றினால் என்னதான் நடக்குது?

ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுகிறது. அது முன்னால் காற்றைத் தள்ளுகிற அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. ஆகவே ஸ்பீக்கருக்குப் பின்னாலும் முன்னால் இருக்கிற அளவு சத்தம் இருக்கிறது, எதிர்மாறாக. பெட்டி மூடியிருந்தால் அந்தப் பின்சத்தம் உள்ளேயே அடங்கிப் பலகையாலும் மரத்தாலும் மந்தமாகக் கசியும். எங்கட டிரம்ஸ்காரனுக்கு ஒரு வருசமாகக் கேட்டது அந்தக் கசிவுதான். திறந்துவிட்டால் அது நேரே வெளியே வரும்.

வெளியே வருகிறதோடு கதை முடியவில்லை. பனையோலை விசிறியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். முன்னுக்குத் தள்ளுகிற காற்று விளிம்பால் சுற்றிப் பின்னுக்கு வழுக்கிப் போய்விடும், முகத்தில் காத்தே படாது. ஸ்பீக்கரும் அப்படித்தான். கிற்றாரின் ஆகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் நொடிக்குச் சுமார் 82 அதிர்வு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும். கணக்குப் பார்த்தால் அந்த ஒரு அலையின் நீளம் நாலு மீற்றருக்கு மேல். எங்கட அம்ப்பின் அகலமோ அரை மீற்றர். அந்த அலைக்கு அரை மீற்றர் பெட்டி ஒரு தடையே இல்லை. முன்சத்தமும் பின்சத்தமும் விளிம்பால் சுற்றிச் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் பின்பக்கம் திறந்த அம்ப்பில் அடிச்சத்தம் மெலிகிறது. மேல்சுரங்களுக்கு அலை குட்டை, அவை அப்படிச் சுற்றிப் போகாது. முன்னுக்கும் போகும், பின்னுக்கும் போகும். மேலே நின்று பார்த்தால் சத்தம் பரவுகிற உருவம் இலக்கம் 8 மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நிற்கிறவருக்குத்தான் ஆகக் குறைவு.

எங்கட பாடகி நிற்கிறது பக்கவாட்டில். பலகை போன பிறகு தன்ர குரல் தனக்குக் கேட்குது என்று அவளும் சந்தோசப்பட்டாள். அது நாங்கள் எதிர்பார்க்காதது.

மூடின பெட்டிக்கு வேறு ஒரு குணம் இருக்கு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைச்சுக்கொண்டு அமத்தினால் காற்று ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளும் இல்லையா, அதேபோல உள்ளே அடைபட்ட காற்று கூம்பைப் பிடித்துக்கொள்ளும். அடிச்சத்தம் இறுக்கமாக, நெஞ்சில் குத்துகிற மாதிரி வரும். பலகையைத் திறந்தால் அந்தப் பிடி போய்விடும். 15 வாட் கிற்றார் அம்ப்பில் இதனால் ஸ்பீக்கருக்கு ஆபத்து என்று சொல்ல ஏலாது. ஆனால் திறந்த அம்ப்பில் பேஸ் கிற்றாரையோ கீபோர்ட்டையோ செருகி முழுச்சத்தம் வைத்தால் கூம்பு தன் எல்லையைத் தாண்டி ஆடும். கிழிஞ்ச கூம்பை இங்கே ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய சத்தம் வராது.

இதில் சரித்திரம் ஒன்றும் இருக்கு. அமெரிக்காவின் ஃபெண்டர் 1950களில் பேஸ் கிற்றாருக்கென்றே 'பாஸ்மன்' என்று ஒரு அம்ப் செய்தது. அதன் பிந்திய வடிவத்தில் நாலு 10 இஞ்சி ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்தது. பேஸுக்கு அது பெரிதாகச் சரிவரவில்லை. கிற்றார்க்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரோடு நின்றவர்களும் கிட்டத்தட்ட அதே பாஸ்மன் சுற்றை வைத்து ஜேரிஎம்45ஐ உருவாக்கினார்கள். ஆனால் ஸ்பீக்கர்களை வேறாக்கி, நாலு 12 இஞ்சியைப் பின்பக்கம் முழுக்க மூடின ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். றொக் இசையின் அந்தக் கனத்த சத்தத்துக்கு ஒரு காரணம் அந்தப் பெட்டி. ஸ்பீக்கரும் வேறு, வால்வும் வேறு, எல்லாவற்றையும் பலகையின் தலையில் கட்ட ஏலாது. ஆனாலும் ஒரே சுற்று இரண்டு பெட்டிக்குள் போய் இரண்டு விதமான இசைக்குப் பேர் வாங்கியது. பிறகு மார்ஷலே அந்தச் சுற்றைப் பின்பக்கம் திறந்த பெட்டி ஒன்றுக்குள்ளும் போட்டது. 1966இல் ஜோன் மேயோலின் இசைத்தட்டில் எரிக் கிளப்டன் வாசித்தது அதில்தான்.

இதையெல்லாம் நாங்கள் வாசித்து அறிந்தது சண்டைக்குப் பிறகு. முதல் சண்டை கிற்றார்க்காரனுக்கும் மற்ற மூன்று பேருக்கும். பலகையைக் கழற்றலாம் என்று சொன்னவனே ஒரு மாசத்தில் திரும்பப் பூட்ட வேணும் என்றான். உள்ளங்கையைக் கம்பியில் அமத்தி வைத்து அடிக்கிறபோது முந்தி வந்த "தும்" இப்ப "தக்" என்று வருகுது. தன்ர சத்தத்தை ஆரோ பாதியாக வெட்டின மாதிரி இருக்காம். பேஸ் வாசிக்கிறவள் ஒரே வசனத்தில் முடித்தாள்: "அந்தத் தும் என்ர இடம்." அவன் இரண்டு கிழமை பழக வரவில்லை.

அவன் வந்த பிறகு ஒரு சோதனை செய்தோம். பலகை பூட்டியும், கழற்றியும், கீழ்ப் பலகையை மட்டும் கழற்றியும் ஒரே துண்டை வாசிப்பது, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால், பின்னால், பக்கத்தில், வளவில் என்று மாறி மாறி நிற்பது. பின்னால் நின்றால் எவருக்கும் சந்தேகமே வரவில்லை. முன்னால் மூன்றடியில் நின்றபோதும் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் நாங்கள் சண்டை பிடித்த அளவுக்கு இல்லை. அம்ப்பைச் சுவரிலிருந்து ஒரு எட்டு முன்னுக்குத் தள்ளினபோது வந்த மாற்றம் பலகையால் வந்த மாற்றத்தை விடப் பெரிசு. திறந்த அம்ப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பும். இந்தச் சின்ன விசயம் தெரியாமல்தான் முதல் மாசம் முழுக்க அது சுவரைப் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்திருக்கு. போனில் பதிந்து கேட்டால் மூன்றும் ஒன்றுதான். போனின் ஸ்பீக்கரில் அடிச்சத்தமே வராதபோது எப்படித் தெரியும்? அப்படியென்றால் நாங்கள் போனில் பார்த்து முடிவெடுத்த அந்த வீடியோக்கள் எல்லாம் என்ன கணக்கு?

பக்கத்து வீட்டு ஆச்சிதான் கடைசித் தீர்ப்புச் சொன்னவ. பலகை இல்லாத நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்குச் சுவர் அதிரேல்ல, நல்லது" என்றா. மதிலைத் தாண்டுகிறது அடிச்சத்தம்தான். ஆச்சிக்கு அந்த 8 வடிவம் தேவையில்லாமலே விளங்கியிருக்கு.

பலகை இல்லாமலே இருக்கட்டும் என்று முடிவானது. இரண்டு பலகையும். ஒரு சின்ன உறுமல் மட்டும் புதிதாக வந்திருந்தது. ரியூப்லைற் எரிகிறபோது கூடும், நிப்பாட்டினால் குறையும். அதுவும் வால்வின் குணமாக்கும் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பின்னேரம் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. மேடை சின்னன், பின்னால் திரை, திரைக்கும் டிரம்ஸுக்கும் இடையில் ஒரு ஆள் போகலாம். எங்களுக்கு முன்னால் நடனமாடின பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு அந்த வழியால்தான் ஓடித் திரிந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் திடீரென்று நின்றது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சிம்பல் ஸ்ராண்ட் விழுந்து கிடந்தது. அவன் நிலத்தில் முழங்காலில் இருந்தான். அவன் கையில் நாலு ஐந்து வயசுப் பொடியன் ஒருவன். சனம் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

பொடியன் அம்ப்பின் பின்னால் குந்திக்கொண்டு அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் முதல் நாள் பார்த்ததைப் போலத்தான். பிறகு விரலை நீட்டியிருக்கிறான். டிரம்ஸ்காரன் கண்டபோது விரலுக்கும் உள்ளே இருந்த கம்பிகளுக்கும் இடையில் ஒரு சாண் இல்லையாம். இழுத்த இழுவையில் பிள்ளை பயந்து அழுதது. தாய் ஓடி வந்து, "என்ன தம்பி, பிள்ளையை ஏன் இப்பிடி இழுத்தனீ?" என்று கேட்டா. அவனுக்கு ஒரு பதிலும் வரவில்லை. "சுடும் அக்கா" என்று மட்டும் சொன்னான். சுடுகிறது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று எங்களுக்கு அப்ப அரைகுறையாகத்தான் தெரியும். அந்த அக்காவுக்கு நாங்கள் இன்னும் முழுக் கதையையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்ப்பை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, முந்தி வால்வ் றேடியோ திருத்தின ஒரு ஐயாவிடம் போனோம். எண்பதைத் தொட்ட வயசு. இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு பாடின காலத்தில் தொழில் பழகியவர். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சனம் ரான்சிஸ்டரில் செய்தி கேட்ட நாள்களிலும் அதே மேசையில் இருந்து திருத்தியவர். அம்ப்பின் முதுகைக் கண்டதும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதின்ர மேல் மட்டை எங்க?"

வீட்டில் என்றோம்.

"எவ்வளவு நாளா?"

நாலு மாசம் என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் மீற்றரை எடுத்தார். அம்ப்பைப் போட்டு, சூடாக விட்டு, மீற்றரின் கறுப்பு வயரை இரும்புச் சட்டத்தில் கொழுவிவிட்டு, இடது கையைச் சாரத்தின் மடிக்குள் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சிவப்பு முனையைத் தொட்டுக் காட்டினார். 330 வோல்ட், நேர் மின்னோட்டம். பிறகு ஸ்ராண்ட்பையில் விட்டுப் பிளக்கையே கழற்றினார். ஒரு நிமிசம் கழிச்சுத் திரும்பத் தொட்டார். 290.

"கரண்ட் இல்லைத்தானே? ஆனா இது எங்க இருந்து வருது?" என்றார். "கொண்டென்சர் பிடிச்சு வைச்சிருக்கு. ஒரு கை தொட்டு மற்றக் கை சட்டத்தில பட்டா நெஞ்சுக்குள்ளால போகும். அதுதான் ஒரு கை எப்பவும் மடிக்குள்ள. பிள்ளை நீயும் கேட்டுக்கொள்."

எங்கட அம்ப்பில் இரும்புச் சட்டத்தின் திறந்த வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. ஃபெண்டரின் பழைய 'ட்வீட்' அம்ப்களில் உள்ள அதே அமைப்பு. ஆக அந்த மேல் பலகைதான் அந்தச் சட்டத்துக்கு மூடி. நாங்கள் கழற்றினது ஏதோ ஒரு அலங்காரப் பலகை என்று நினைத்திருந்தோம். எல்லா அம்ப்பும் இப்படி இல்லை. சிலதில் சட்டத்தின் வாய் மேலே பெட்டியின் கூரையைப் பார்த்திருக்கும், சிலதில் கீழே. அவற்றில் பின்பலகை போனாலும் சுடுகிற வால்வ் மட்டும்தான் கைக்கு எட்டும். எங்களுடையதில் அந்த நாலு மாசமும் சாலிட் வைத்த மூட்டுகள் எல்லாம் வெளியில் கிடந்தன. அந்த அலுமினியத் தகடும் சும்மா இல்லை. வெளியிலிருந்து வருகிற மின் இரைச்சலைச் சுற்றுக்குள் விடாமல் தடுப்பது அது. எங்கட புது உறுமலுக்குக் காரணம் ரியூப்லைற் பாதி, நாங்கள் பாதி.

ஐயா ஒரு பழைய றேடியோவை எடுத்துப் பின்பக்கம் காட்டினார். ஓட்டை ஓட்டையாகத் துளைத்த தடித்த மட்டை. காத்துப் போகும், விரல் போகாது. சில மலிவு றேடியோக்களில் மெயின் வயர் நேரே சட்டத்தோடு சேர்ந்திருக்குமாம், அந்த மட்டைதான் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கரண்ட்டுக்கும் இடையில் இருந்த ஒரே சாமான். பிறகு நாங்கள் தேடி வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அமெரிக்காவின் பழைய வால்வ் ரீவிகள் பலவற்றில் மெயின் வயரைப் பின்மூடியிலேயே பொருத்தியிருந்தார்கள். மூடியைக் கழற்றினால் கரண்ட்டும் கழன்றுவிடும். திருத்துகிறவர்கள் அதற்கென்று தனி வயர் கொண்டு போவார்களாம்.

சூட்டுக் கதையையும் அவரிடம் எடுத்தோம். எங்கட சாட்டே அதுதானே. பவர் வால்வ் இரண்டும் ஈஎல்84. அவற்றின் இழை எரிய மட்டும் ஒன்றுக்கு ஐந்து வாட் அளவில் போகும், தகட்டில் 12 வாட் வரை சூடாகலாம். முன்னால் நிற்கிற 12ஏஎக்ஸ்7 மூன்றுக்கும் தலா இரண்டு வாட். கூட்டிப் பார்த்தால் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றைப் பெட்டிக்குள் எரிய விட்ட மாதிரி. தகரக் கூரைக்குக் கீழே அது சும்மா விசயமில்லை. ஐயா மறுக்கவில்லை. "வால்வ் சூட்டில பிறந்தது, அது தாங்கும். சாகிறது கொண்டென்சர்தான்" என்றார். பத்துப் பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. ஆக, காத்து வேணும் என்று நாங்கள் சொன்னது சரி. எங்கே திறக்கலாம் என்றதுதான் பிழை.

அவர் செய்தது இதுதான். மேல் பலகையை அன்றைக்கே எடுப்பித்து, தகடு சட்டத்தில் சரியாக அமர்கிறதா என்று பார்த்து, நாலு ஸ்குரூவும் போட்டுப் பூட்டினார். கீழ்ப் பலகையை விட்டுவிட்டார். அது ஸ்பீக்கரை மட்டுமே மூடிய பலகை, எங்கட டிரம்ஸ்காரனுக்கு வேண்டிய சத்தம் முழுக்க அந்த வழியால்தான் வருகிறது. வால்வ்கள் தொங்குகிற இடத்திலிருந்து கீழே முழுக்க, சின்னக் கண் உள்ள கம்பிவலை ஒன்றை மரச்சட்டம் அடித்துப் பொருத்தி, வலையிலிருந்து ஒரு வயரை எர்த்துக்குக் கொடுத்தார். ஸ்பீக்கரைக் கழற்றி வேலை செய்த நேரம் முழுக்க அம்ப்பின் பிளக் அவர் கண்ணுக்கு முன்னால் மேசையில் கிடந்தது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் அம்ப்பைப் போட்டு வாசித்தால் உள்ளே இருக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும் என்று, கேட்காமலே இரண்டு தரம் சொன்னார். கூலி வாங்கவில்லை. ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். "சத்தம் கொஞ்சம் கூட" என்றார்.

கிற்றார்க்காரனின் "தும்" திரும்பி வரவில்லை. மேல் பலகை வந்ததில் ஒரு சொட்டு வந்தது என்று அவன் சொல்லுகிறான், நாங்கள் மறுக்கவில்லை. உறுமல் போய்விட்டது. ஓட்டோவில் ஏற்றுகிறபோது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையை மடிச்சு வைக்கிறோம், கூம்பில் ஏதும் குத்தாமல். மேடையில் இப்ப எங்கட முதல் வேலை, மைக் சரிபார்க்க முதல், அம்ப்பின் பின்பக்கம் ஆர் ஆர் போகலாம் என்று பார்ப்பது. டிரம்ஸ்காரன் பார்க்காமல் நாங்கள் தொடங்குகிறதில்லை.

இரண்டாவது சண்டை இந்தக் கிழமை நடந்துகொண்டிருக்கு. வாற மாசம் ஒரு வெளி மேடை, பின்னால் சுவர் இல்லை, வெறும் வயல். திறந்த அம்ப்பின் பின்சத்தம் பட்டுத் திரும்ப அங்கே ஒன்றும் இல்லை, அது நேரே வயலுக்குப் போய்விடும். மூடினால் முன்னால் இருக்கிற சனத்துக்கு நல்லாய்க் கேட்கும் என்கிறான் கிற்றார்க்காரன். அப்ப எனக்கு? என்கிறான் டிரம்ஸ்காரன். மேடையில் மொனிற்றர் தருவினமா என்று கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. கீழ்ப் பலகையைத் தூசி தட்டி வைத்திருக்கிறோம். ரொபி ரின்னைத் திறந்து பார்த்தால் மூன்று ஸ்குரூதான் இருக்கு.